போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு: ஊர்க் கடையின் வெப்சைட்டைச் சரிசெய்வது

எங்கள் அத்தை கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கிறார். மாமா போனபிறகு தனியாளாக நின்று நடத்துகிறார். நான் அதே ஊரில் டிடிபி, கல்யாணப் பத்திரிகை, ஃபிளக்ஸ் வேலை பார்த்துவந்தவன். இப்போது அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு வெப்சைட் வேலையும் செய்துகொடுக்கிறேன். ஒருநாள் மத்தியானம் அத்தை கேட்டார்: “ஏய்யா, வருசா வருசம் வெப்சைட்டுக்குன்னு பணம் கட்டுறோமே, அதைப் பார்த்துட்டு வந்தேன்னு ஒருத்தரும் சொன்னதில்லையே. அதுல என்னதான் இருக்கு?”

அந்தக் கேள்விக்காகச் செய்த வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை. பொறுமையும் ஒரு போனும் போதும். ஜவுளிக் கடை, டூவீலர் மெக்கானிக், டைலர், டியூஷன் என்று எந்தத் தொழில் வைத்திருப்பவரும் இதில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நோட்டு

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஓரத்தில் ஓட்டை போட்டு, நூலில் பேனாவைக் கட்டி, கடை போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். போன் செய்கிறவர் என்ன கேட்டாலும், அவர் கேட்ட வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்று ஏற்பாடு. அத்தையும் கடையில் நிற்கிற தம்பியும் 15 நாள் எழுதினார்கள். வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளை ராத்திரி கடை அடைத்தபின் நானே அதில் ஏற்றினேன்.

நோட்டில் இருந்தவை இவை: “பஸ் ஸ்டாண்டுல இறங்கி எந்தப் பக்கம் வரணும்? ஊருக்குள்ள இருக்கிறதா, பைபாஸ்ல இருக்கிறதா?” “ஞாயித்துக்கிழமை கடை உண்டா?” “கிலோ என்ன விலை?” “சென்னைக்கு அனுப்புவீங்களா, கூரியர் எவ்வளவு ஆகும்?” “வெல்லமா, சீனியா?” “எத்தனை நாள் வச்சிருக்கலாம்?” “மேல கலர் தேங்காய்ப்பூ இல்லாம கிடைக்குமா?” “வளைகாப்புக்கு 200 பாக்கெட் பேர் போட்டுத் தருவீங்களா?” “கார் நிறுத்த இடம் இருக்கா?”

அதே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. 15 நாள் முடிந்து எண்ணிப் பார்த்தபோது அதிகக் கோடு விழுந்திருந்தது வழிக்கும் கூரியருக்கும்தான். விலைகூட மூன்றாவதுதான். நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்த வரிசை எனக்குத் தோன்றியிருக்காது.

அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெப்சைட்டைத் திறந்தேன். மேலே மூன்று படங்கள் மாறி மாறி ஓடின. முதல் படத்தில் இருந்தது கடலைமிட்டாயே இல்லை. பாதாம் போட்ட ஏதோ வெளிநாட்டு மிட்டாய். அதன்மேல் ஆங்கிலத்தில் ‘எங்கள் வெப்சைட்டுக்கு நல்வரவு’. கீழே ‘தரம், நம்பிக்கை, பாரம்பரியம்’. அதற்கும் கீழே நான்கு பத்தி ஆங்கிலம். நோட்டில் இருந்த ஒரு கேள்விக்கும் அங்கே பதில் இல்லை. கடைசியில், விசாரிக்கிறவர்கள் பெயரும் செய்தியும் எழுதி அனுப்ப ஒரு படிவம்.

அந்தப் படிவம் எங்கே போகிறது என்று தேடினேன். தளத்தைச் செய்து கொடுத்தவர் அன்றைக்கு உருவாக்கின ஒரு மெயில் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் பாஸ்வேர்டு பழைய பில் புத்தகத்தின் பின் அட்டையில் பென்சிலில் எழுதியிருந்தது. திறந்தால், குப்பை மெயில்களுக்கு நடுவே 41 உண்மையான விசாரணைகள். ஒருவரும் திறந்து பார்த்திருக்கவில்லை. திருப்பூரிலிருந்து ஒருவர், தன் பனியன் கம்பெனி ஆட்களுக்குத் தீபாவளிக்குக் கொடுக்க 200 பெட்டி வேண்டும் என்று எழுதியிருந்தார். அது அதற்கு முந்தின வருடத் தீபாவளி. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கடிதத்தை முழுக்க வாசித்தார். “நம்பர் இருக்கா?” என்றார். அப்போதே போன் போட்டு, “ஐயா, நீங்க எழுதினதை இன்னைக்குத்தான் பார்த்தோம், மன்னிச்சுக்கிடுங்க” என்று சொன்னார்.

ஆகவே உங்கள் வெப்சைட்டில் இப்படி ஒரு படிவம் இருந்தால், இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு, உங்கள் போனிலிருந்தே அதில் ஒரு செய்தி எழுதி அனுப்பிப் பாருங்கள். அது உங்கள் கைக்கு வந்துசேர்கிறதா? வரவில்லையென்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நாங்கள் எடுத்துவிட்டோம். கடைக்காரர் எந்நேரமும் பார்க்கிற இடம் போனும் வாட்ஸ்அப்பும்தான். விசாரணையும் அங்கேயே வரட்டும்.

முதல் திரை

அடுத்து, கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த போனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். கடையின் வைஃபையில் பார்க்கக் கூடாது. மொபைல் டேட்டாவில், நின்றுகொண்டு, வெயிலில் பார்க்க வேண்டும். வாங்க வருகிறவர் அப்படித்தான் பார்க்கிறார். கூகுளும் தளங்களை மொபைலில் தெரிகிற வடிவத்தை வைத்தே தன் பட்டியலில் சேர்க்கிறது.

விரலால் ஒருமுறைகூடத் தள்ளாமல், திறந்தவுடன் தெரிகிற அந்த ஒரு திரையில் என்ன இருக்கிறது? எங்கள் தளத்தில் அந்தப் பாதாம் மிட்டாய் மட்டும் இருந்தது. அந்த ஓடும் படங்களை எடுத்துவிட்டு நாங்கள் எழுதியது இது:

“கோவில்பட்டி கடலைமிட்டாய், காராச்சேவு. வெல்லப்பாகில் தினமும் காலையில் போடுகிறோம். காலை 9 முதல் இரவு 9 வரை, ஞாயிறும் உண்டு. பெட்டியில் கட்டி வெளியூருக்கும் அனுப்புகிறோம்.” அதன் கீழே மூன்று பட்டன்: போன் செய்ய, வாட்ஸ்அப் செய்ய, வழி பார்க்க.

முதலில் நான் ‘பல்லாண்டுப் பாரம்பரியச் சுவை’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அத்தை படித்துவிட்டு, “எல்லாக் கடை போர்டுலயும் இதுதானே இருக்கு, ஞாயித்துக்கிழமை உண்டுன்னு போடு” என்றார். அந்த வரிதான் இன்றும் நிற்கிறது. உங்கள் முதல் திரையில் உள்ள ஒவ்வொரு வரியையும் எதிர்க்கடைக்காரர் அப்படியே தன் தளத்தில் போட்டுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அந்த வரியால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை.

பட்டன்களில் கவனிக்க வேண்டியது: போன் எண் தொட்டவுடன் டயல் ஆக வேண்டும். எண்ணுக்கு முன்னால் +91 சேர்த்து, போன் இணைப்பாகவே கொடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்புக்கென்று தனி இணைப்பு முறை உண்டு. அதில் 91 சேர்த்த எண் மட்டும் வர வேண்டும், கூட்டல் குறியோ இடைவெளியோ முன்னால் பூஜ்யமோ வந்தால் திறக்காது. அந்த இணைப்பிலேயே ஒரு செய்தியை முன்கூட்டி எழுதிவைக்கலாம். நாங்கள் வைத்திருப்பது: “கடலைமிட்டாய் எத்தனை கிலோ: … ஊர், பின்கோடு: …”. வாங்குகிறவர் காலி இடத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறார். இதற்கு முன்னால் ஒரு ஆர்டருக்கு ஏழெட்டுச் செய்தி போய் வந்துகொண்டிருந்தது. கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியே வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். கடை மூடியிருக்கும் நேரத்தில் தானாகப் பதில் போகும்படி அதில் வைக்கலாம்.

எழுத்தும் படமும்

இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இது என் தொழில். எங்கள் பக்கத்துக் கடைகளின் வெப்சைட்டுகளில் நான் அடிக்கடி பார்க்கிற தவறு, ஃபிளக்ஸுக்குச் செய்த டிசைனை அப்படியே படமாக்கி ஏற்றிவைப்பது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் படத்துக்குள் இருக்கிற போன் எண்ணைத் தொட்டால் டயல் ஆகாது. முகவரியை நகல் எடுக்க முடியாது. போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். படத்துக்குள் ‘கோவில்பட்டி கடலைமிட்டாய்’ என்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பக்கத்தில் எழுத்தாக இருப்பதற்கு அது ஈடாகாது. தேடல் முதன்மையாக நம்பியிருப்பது எழுத்தைத்தான்.

இன்னொன்று பழைய எழுத்துரு. டிடிபி சென்டர்களில் இன்றும் பாமினி, வானவில் போன்றவற்றில்தான் பத்திரிகையும் நோட்டீஸும் அடிக்கிறோம். அவற்றில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். அதை அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் அந்தக் கிறுக்கல்தான் வரும். தளத்தில் எல்லாம், எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறையில் இருக்க வேண்டும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபிறகு கண்ணால் ஒருமுறை வாசியுங்கள். குறிப்பாக, கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘மிட்டாய்’ என்பதில் கால் போட வேண்டிய இடத்தில் ‘ர’ போட்டு அடித்திருந்தால் அவசரமாகப் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடுகிற இயந்திரத்துக்கு அது வேறு சொல். எங்கள் பழைய தளத்தின் விலைப் பட்டியல் முழுக்க அப்படித்தான் இருந்தது.

தமிழுக்கென்று கனமான எழுத்துருவை ஏற்றிவைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இன்றைய போன்களிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது. வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் இலவசம். சாதாரணம், தடித்தது என்று இரண்டு வகை போதும். வரிக்கு வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூடுதலாக வையுங்கள். தமிழில் மேல் கொம்பும் கீழ்ச்சுழியும் உண்டு. ‘கீ’க்கு மேலே உள்ள வரியில் ‘ழு’ வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

படங்களுக்கு வருவோம். போனில் எடுக்கிற படம் ஒன்று 4, 5 எம்பி இருக்கும். பத்துப் படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் பஸ் வந்துவிடும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) என்ற படக் கோப்பு வகையில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 150 கேபிக்குள் அடங்கிவிடும். ஸ்குவூஷ் என்று கூகுள் கொடுக்கிற இலவசக் கருவி, பிரவுசரிலேயே இதைச் செய்கிறது. பிறகு, தளம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று பார்க்கிற கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் வெப்சைட் முகவரியைக் கொடுத்து மொபைல் பகுதியைப் பாருங்கள். பக்கத்தின் பெரிய படமோ பத்தியோ திரையில் வந்து நிற்க ஆகும் நேரம் 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கிற அளவு. படம் தாமதமாக வந்து, விலைப் பட்டியலைக் கீழே தள்ளி, ‘வழி’யைத் தொடப்போன விரல் வேறு எதையோ தொட்டுவிடுவதும் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தை முன்கூட்டியே குறித்துவைத்தால் அந்தக் குதிப்பு நின்றுவிடும்.

என்ன படம் எடுப்பது? எங்களுக்கு அதிகம் உதவியது, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று எடுத்த கடை முகப்பு. போர்டும் பக்கத்துக் கடைகளும் அதில் தெரியும். தேடி வருகிறவர் அதைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கிறார். அடுத்து, மிட்டாயைக் கையால் உடைத்து, உள்ளே கடலைப் பருப்பு நெருக்கமாக நிற்பது தெரிகிற மாதிரி ஒன்று. விரல் அந்தப் படத்தில் இருப்பதால் துண்டு எவ்வளவு பெரியது என்பதும் விளங்கிவிடுகிறது. காலை 8 மணி வெளிச்சத்தில், வாசல் திண்ணையில் வைத்து எடுத்தோம். நெட்டில் கிடைத்த படம் எதையும் போடாதீர்கள்.

விலை, பெட்டி, கூரியர்

விலையைப் போட அத்தைக்குத் தயக்கம். கடலைப் பருப்பு விலையும் வெல்லம் விலையும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வெப்சைட்டில் ஒன்று, கடையில் ஒன்று என்று வந்தால் சண்டை வரும் என்றார். நியாயமான பயம்தான். விலைக்கு மேலே ‘இந்தத் தேதி நிலவரம்’ என்று தேதியோடு ஒரு வரி போட்டோம். அந்தத் தேதி ஒரு மாதத்துக்குமேல் பழையதாக விடுவதில்லை. விலை மாறாவிட்டாலும் தேதியை மாற்றுவோம். இதற்காகவே, விலைப் பக்கத்தைக் கடைத் தம்பி தன் போனிலிருந்தே திருத்தும்படி அமைத்தேன். என்னைக் கூப்பிட்டுத்தான் மாற்ற முடியும் என்று வைத்திருந்தால் மாறியிருக்காது.

கூரியர்தான் அதிக வேலை வாங்கியது. எடையை அரைக்கிலோ அரைக்கிலோவாகக் கணக்கிடுகிற இடங்களில், சரியாக 1 கிலோ மிட்டாயை வாங்குகிறவருக்கு நஷ்டம். அட்டைப் பெட்டி, உள்ளே வைக்கிற தாள், டேப் எல்லாம் சேர்ந்து தராசில் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். ஒன்றரைக் கிலோவுக்குக் கட்ட வேண்டியிருக்கும். நோட்டில் “ஏன் இவ்வளவு?” என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தது இதனால்தான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசைத் தரையில் வைத்து, வெவ்வேறு பெட்டிகளில் கட்டிக் கட்டி நிறுத்துப் பார்த்தோம். பெட்டியோடு சேர்த்து 2 கிலோவுக்குள், 3 கிலோவுக்குள் நிற்கிற இரண்டு கட்டு முடிவாயிற்று. அந்த இரண்டையும், தமிழ்நாட்டுக்குள் எவ்வளவு, வெளிமாநிலத்துக்கு எவ்வளவு, எந்தக் கிழமை கட்டினால் நடுவில் ஞாயிறு மாட்டாது என்பதையும் ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டோம். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் நமுத்துப்போகும், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள் என்றும் ஒரு வரி. எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிற காலத்தையே தளத்திலும் போட்டோம். இரண்டும் மாறக் கூடாது.

தின்பண்டக் கடை என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை, அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை, தளத்திலும் போடுங்கள். வெளியூர்க்காரருக்கு அது ஒரு தைரியம். எங்கள் ஊர்க் கடைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 2020 ஏப்ரலில் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்கும் பண்டத்துக்கும் கிடைத்தது. 1999ஆம் வருடச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்துகொண்டவர்தான் அந்தக் குறியீட்டைத் தன் பண்டத்துக்குப் பயன்படுத்தலாம். பதிவு செய்யாமல் அந்த முத்திரையை வெப்சைட்டில் ஒட்டாதீர்கள்; பதிவு செய்துவிட்டு, பெருமையாக மேலேயே போடுங்கள். பட்டமடைப் பாய், பவானி ஜமுக்காளம், மணப்பாறை முறுக்கு விற்கிறவர்களுக்கும் இதுதான்.

ஆரம்பத்திலேயே வாங்குவதைச் சேர்த்துவைக்கும் கூடை, பணம் கட்டும் வசதி என்று பெரிய ஆன்லைன் கடை கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. வாட்ஸ்அப்பில் ஆர்டர், யூபிஐயில் பணம் என்று சில மாதம் ஓட்டுங்கள். தளத்தில் க்யூஆர் படத்தை மட்டும் போட்டால், அதே போனில் பார்க்கிறவர் எதை வைத்து ஸ்கேன் செய்வார்? யூபிஐ ஐடியை எழுத்தாகவும் போடுங்கள். பணம் அனுப்பியதாக வருகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பெட்டியை அனுப்பிவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்தபின் அனுப்புங்கள். ஆர்டர் பெருகி, கையால் சமாளிக்க முடியாதபோது முழு ஆன்லைன் கடைக்குப் போகலாம். அப்போது பேமென்ட் கேட்வே, அதாவது தளத்திலேயே பணம் கட்டும் வசதி, கொடுக்கிறவர்கள் பணம் திருப்பிக் கொடுக்கும் விதி, அனுப்பும் விதி, தொடர்பு முகவரி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் கேட்பார்கள். அவற்றை வேறு எங்கிருந்தோ நகல் எடுக்காமல் உங்கள் கடை வழக்கத்தையே எழுதுங்கள்.

வழி

எங்கள் கடையின் கூகுள் மேப் புள்ளி இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான்குவழிச் சாலையில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிறவர்கள் ஊருக்குள் திரும்பி, ஒரு சந்தில் மாட்டிக்கொண்டு, போன் போடுவார்கள். தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டுகிற கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையை நம் பெயரில் சரிபார்த்துக்கொண்டால் புள்ளியை நாமே நகர்த்தலாம். இதற்குக் காசு கிடையாது. காசு வாங்கிச் செய்துதருகிறேன் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பெயர் போர்டில் உள்ளபடியே இருக்கட்டும். ‘சிறந்த’, ‘ஒரிஜினல்’ என்று சேர்ப்பது கூகுளின் விதிக்கு மாறானது. போர்டு, பில், புரொஃபைல், வெப்சைட் நான்கிலும் பெயர், முகவரி, எண் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு மூன்று இடத்தில் மூன்று எண் இருந்தது.

தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா நாட்களின் நேரத்தை அதில் தனியாகக் குறிக்கலாம். குறிக்காவிட்டால், பண்டிகை நாளில் கடை திறந்திருக்குமா என்று தேடுகிறவருக்கு நிச்சயம் தெரியாது. வாடிக்கையாளர் எழுதுகிற ரிவியூவுக்கு இரண்டு வரி பதில் எழுதுங்கள். ரிவியூ எழுதினால் கால்கிலோ இலவசம் என்றெல்லாம் வைக்காதீர்கள். அதற்கும் அனுமதி இல்லை.

மேப் இருந்தாலும் வழியை வார்த்தையிலும் எழுதுங்கள். ஊர்க்காரர் வாயால் சொல்கிற மாதிரி: பைபாஸ் பக்கத்துக் கூடுதல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எந்த டவுன் பஸ், ஊருக்குள் உள்ள பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எத்தனை நிமிட நடை, ரயிலில் வந்தால் எந்தப் பக்க வாசல், காரை எங்கே நிறுத்தலாம். இந்த ஒரு பத்தியைப் போட்டதும் நோட்டில் வழி கேட்கிற கோடுகள் பாதிக்குமேல் குறைந்தன.

யார் பெயரில் இருக்கிறது?

நான் வருத்தத்தோடு சொல்கிற பகுதி இது. பழைய தளத்தைச் செய்து கொடுத்தவர் டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, தன் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களெல்லாம் அவருக்குப் போயின. அவர் ஊர் மாறிவிட்டார், எண்ணும் மாறிவிட்டது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தளம் காணாமல் போயிற்று. அத்தை கட்டின பணத்துக்கு ரசீது இருந்தது. டொமைன்மீது உரிமை இருந்ததற்கு ஒரு காகிதம் இல்லை. அவரைத் தேடிப் பிடித்து, மாற்றிவாங்கி, மறுபடி ஓடவைப்பதற்குள் பண்டிகை முடிந்துவிட்டது.

டொமைன் உங்கள் மெயில், உங்கள் போன் எண்ணில் இருக்க வேண்டும். செய்துகொடுக்கிறவர் எவ்வளவு நெருங்கினவராக இருந்தாலும், நானாகவே இருந்தாலும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிந்தால் மூன்று வருடத்துக்கு ஒன்றாகக் கட்டிவிடுங்கள். டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கிற வாடகை இடம்), மெயில் மூன்றின் லாகின் விவரம், புதுப்பிக்கிற தேதி எல்லாவற்றையும் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். இலவசத் தளம் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. பிசினஸ் புரொஃபைலோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. போர்டிலும் பில்லிலும் அந்த முகவரியை அச்சடித்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. சொந்த டொமைன் இருந்தால் உள்ளே எதை மாற்றினாலும் முகவரி மாறாது.

இதோடு மூன்று சின்னச் சோதனைகள். முகவரிக்கு முன்னால் ‘பாதுகாப்பற்றது’ என்று பிரவுசர் காட்டுகிறதா? அதை நீக்குகிற பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும், ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியது என்றால், அமைப்புகளில் ‘தேடுபொறிகள் வர வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டும்போது வைத்து, முடிந்தபின் எடுக்க மறந்துவிடுகிறார்கள். பிறகு எத்தனை வருடமானாலும் தேடலில் ஒழுங்காக வராது. கடைசியாக, தேடலில் பெரிய எழுத்தில் வருகிற பக்கத் தலைப்பு. எங்களுடையது வெறும் ‘ஹோம்’ என்று இருந்தது. இப்போது கடைப் பெயர், கடலைமிட்டாய், கோவில்பட்டி மூன்றும் இருக்கின்றன. ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்களும் நிறைய என்பதால், ஊரையும் பண்டத்தையும் பக்கத்துக்குள் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதியிருக்கிறோம்.

வந்தவர் எண்ணிக்கை காட்டும் கட்டம், ஓடும் எழுத்து, தானாகப் பாடும் பாட்டு, ஒன்றும் எழுதாத செய்திப் பக்கம், இவற்றையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கடை திறக்குமுன் பத்து நிமிடம். தம்பி தன் போனில் தளத்தைத் திறந்து போன் பட்டனைத் தொடுவான். கடை போன் அடிக்க வேண்டும். வாட்ஸ்அப் பட்டன், வழிப் பட்டன், விலைக்கு மேல் உள்ள தேதி, அடுத்த மாதப் பண்டிகை நாட்கள். அவ்வளவுதான் சோதனை. நோட்டு இன்னும் அதே நூலில் தொங்குகிறது. இப்போது இரண்டாவது நோட்டு.

கேள்விகள் மாறியிருக்கின்றன. போன வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா, “நீங்க போட்டிருக்கிற 3 கிலோ பெட்டியில பாதி கடலைமிட்டாய், பாதி சேவு வச்சுத் தர முடியுமா? சேவு நொறுங்காம வருமா?” என்று கேட்டிருக்கிறார். அத்தை அன்று மத்தியானமே சேவை அடியில் வைத்து ஒரு பெட்டி, மேலே வைத்து ஒரு பெட்டி என்று இரண்டு கட்டி, தம்பியிடம் கொடுத்து, டிவிஎஸ் வண்டியில் வைத்து எட்டயபுரம் போய்த் திரும்பி வரச் சொன்னார். மேலே வைத்த சேவு நொறுங்கவில்லை. சாயங்காலம் அட்டவணையில் மூன்றாவது வரியாக அந்தப் பெட்டியையும் சேர்த்தோம்.